வீட்டிலேயே கட்டத்தக்க மரச் சிறுபடகு

திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்க்கோடியில், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குச் சில மைல் கிழக்கே, பழவேற்காட்டு ஏரி பரந்து கிடக்கிறது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் சில்காவுக்கு அடுத்தபடி பெரியது இதுவே. ஏரியின் பெரும்பாகம் ஆழமற்றதாகையால், ஒருவர் இருவர் ஏறித் துடுப்பாலும் கழியாலும் செலுத்தும் இலேசான படகு இங்கு மிகவும் உபயோகமானது. அத்தகைய படகைச் சங்க அங்கத்தினர் தம் வீட்டு முற்றத்திலேயே கட்டிக் கொள்ளும் விதத்தை இங்கே விவரிப்போம்.

நம் மாகாணத்தில் கூட்டுறவுக்கும் மீன் இலாகாவுக்கும் அடிகோலியவர் ஒருவரே. சர் பிரெடரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் கிராமக் கடன் சங்கங்களைப் பற்றி அறிக்கை அளித்தார். பின்னர் மீன் தொழிலின் அபிவிருத்தியிலும் ஈடுபட்டார். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தை ஒட்டித் தோன்றிய முதற் சங்கங்களுள் ஒன்று திருவள்ளூரை அடுத்த திரூரில் ஏற்பட்டது. கடன் சங்கத்தார் யாவரும் அறிந்த நியாயம் ஒன்றுண்டு: கடன் பெற்று வாங்கிய பொருள், கடன் தீர்ந்த பின்னும் பயன் தரவேண்டும். மூன்று வருஷத் தவணையில் கட்டிய படகு இரண்டாம் வருஷத்திலேயே இற்றுப் போனால், மிஞ்சுவது தவணை மாத்திரமே.

மரப்படகுக்குச் சத்துரு வெளியே அலையும் ஜலமன்று. மரத்தினுள்ளே தங்கிவிடும் ஜலமே. சோழமண்டலக் கரையின் கட்டுமரக்காரர் இதை நன்கறிந்திருந்தனர். கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலரவிடுவது அவர் வழக்கம். நனைந்த மரம் கனக்கும், விரைவில் உளுக்கும் என்பதே காரணம். 2004-ஆம் வருஷத்துச் சுனாமிக்குப் பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிக் கட்டுமரம் அருகிவிட்டது. எனினும் அது கற்பித்த பாடம் பழுதாகவில்லை.

நாம் சொல்லப்போகும் முறைக்குத் 'தைத்து ஒட்டுதல்' என்று பெயர். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் மரச்சட்டத்தின்மேல் தோலைப் போர்த்துக் 'கயாக்' என்னும் ஓராள் படகைச் செய்தனர். இக்காலத்தில் அவ்வடிவைப் பலர் ஒட்டுப்பலகையால் வீட்டிலேயே கட்டுகின்றனர். இங்கிலாந்தில் 1963-இல் வெளிவந்த 'மிரர்' என்னும் சிறு பாய்ப்படகும் இம்முறையினதே. கன்னியாகுமரி ஜில்லா முட்டத்தில் 1980-க்குப் பிற்பட்ட வருஷங்களில் மீனவருக்கான ஒட்டுப்பலகைப் படகுகள் இவ்விதம் கட்டப்பட்டன.

பலகை. 710-ஆம் எண் இந்தியத் தர முத்திரை பெற்ற கடல் உபயோக ஒட்டுப்பலகையையே வாங்கவேண்டும். சிறு துண்டொன்றை வெட்டிச் சில மணி நேரம் கொதிநீரில் இட்டுப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தப் பலகையைத் தள்ளிவிடுக. பக்கங்களுக்கு 6 மில்லிமீட்டர் கனம் போதும். எட்டடிப் பலகைகள் இரண்டைப் பதினைந்தடிக்கு மேலாக இணைக்க, முனைகளைக் கனத்தின் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாக இழைத்து ஒட்டவேண்டும்.

கட்டுதல். மாதிரிப் படத்தின்படி பலகைகளை அறுத்து, ஓரங்களில் அரையடிக்கு ஒன்றாகச் சிறு துளையிட்டு, செப்புக் கம்பியால் தைத்து முறுக்குக. படகு கோணலின்றி நிற்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்த பின்பே எபாக்ஸிப் பசையில் மரத்தூளைக் குழைத்து உட்பொருத்துகளை நிரப்புக. பசை இறுகியதும் கம்பிகளை நீக்கி, பொருத்துகளின் இருபுறமும் கண்ணாடியிழை நாடாவை ஒட்டவேண்டும். முன்னும் பின்னும் காற்றுப் புகாத அறை ஒவ்வொன்று அமைப்பது அவசியம்; கவிழ்ந்த படகு மிதந்தால், அதைப் பற்றிக்கொண்டவர் உயிர் பிழைப்பார்.

முடித்தல். பலர் அவசரப்படுவதும் பொருள் நஷ்டமடைவதும் இவ்விடத்தில்தான். அறுத்த ஓரங்களே ஜலத்தை மிகுதியாகக் குடிப்பவை. அவற்றுக்குத் தனியாக இரண்டு மூன்று முறை எபாக்ஸி பூசுக. ஆணி, திருகாணித் துளைகளையும் எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பின் மறுபடி துளையிடுக. பின்னர் உள்ளும் புறமும் மூன்று பூச்சுகள் கொடுக்கவேண்டும். மரம் சூடேறும் காலையில் பூசினால் அதனுள் உள்ள காற்று விரிந்து குமிழிகள் எழும்; வெயில் தணியும் மாலையில், நிழலில் பூசுவதே உத்தமம். வெப்பத்தில் பசை சீக்கிரம் இறுகுமாதலால் சிறுகச் சிறுகக் கலக்குக. ஐப்பசி, கார்த்திகை மழை ஈரத்தை விலக்கி, தை முதல் பங்குனி வரை வேலை செய்வது நலம். இறுகிய பூச்சை நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்த பின் வர்ணம் பூசுக. எபாக்ஸியை வெயில் கெடுக்குமாகையால் வர்ணம் அலங்காரமன்று, கவசமாகும். கறுப்பு முதலிய நிறங்கள் சூட்டை வாங்கும், வெண்மையே ஏற்றது. பசை தோலில் படாமல் கையுறையும், தேய்க்கும் தூளுக்கு முகமூடியும் வேண்டும்.

படகை நிழலில், கட்டைகளின்மேல் கவிழ்த்து வைக்கவும். அடியில் கீறல் கண்டால் அன்றே உலரவைத்து மூடவும்.

பசையும் நாடாவும் ஒருவர் தனியே வாங்கினால் விலை அதிகம், மிஞ்சியதும் வீணாகும். சங்கத்தின் வழியாக ஐந்தாறு அங்கத்தினர் சேர்ந்து வாங்கி, மாதிரிப் பலகைகளைப் பொதுவில் வைத்துக்கொண்டால் செலவு குறையும். ஒருவர் செய்த பிழை மற்றவருக்குப் பாடமாகும். கடன் மனுவில் பலகைக்கும் பசைக்கும் தொகை குறிப்பவர்கள், வர்ணத்துக்கும் பூச்சுக்கும் வேண்டிய தொகையையும் முதலிலேயே சேர்த்துக் கேட்பார்களாக. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட படகில்தான் ஜலம் முதலில் குடியேறுகிறது.