தாடைக் கட்டி: திரும்பி வந்ததா, புதுசா முளைச்சதா?

கொஞ்ச நாளா கார்லின்-கோல்ட்ஸ் சிண்ட்ரோம் பற்றிப் படிச்சுக்கிட்டிருக்கேன். அதுல தாடை அறுவை சிகிச்சை பற்றிய குறிப்பு மட்டும் இங்கே.

1960-ல் ராபர்ட் கார்லின், ராபர்ட் கோல்ட்ஸ் இருவரும் விவரித்த பரம்பரை நோய் இது. பெரும்பாலும் 9-வது குரோமோசோமில் உள்ள பி.டி.சி.எச்.1 என்ற மரபணுவில் பழுது இருக்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு. தோலில் பேசல் செல் புற்றுநோய், உள்ளங்கையில் சிறு குழிகள், தாடைக்குள் கெரட்டோசிஸ்ட் எனும் கட்டிகள் ஆகியவை முக்கிய அடையாளங்கள். பலருக்குத் தாடைக் கட்டிதான் முதலில், பதின்ம வயதிலேயே தெரியவரும். அதனால் நோயை முதல்ல சந்தேகிக்க வேண்டியவர் பல் டாக்டர்.

இந்தக் கட்டி ஏன் இவ்வளவு தொல்லை? அதன் உட்சுவர் ஏழெட்டு செல் தடிமன்தான். எடுக்கும்போது எளிதில் கிழியும். ஒரு துண்டு தங்கினாலும் மறுபடி வளரும். சுற்றிலும் குட்டிக் கட்டிகளும் ஒளிஞ்சிருக்கும்.

அதனால் சுரண்டி எடுப்பதோடு நிறுத்தாமல், சுற்றியுள்ள எலும்பைக் கொஞ்சம் ராவுவார்கள். கார்னாய் கரைசல் தடவி மிச்ச செல்களை அழிப்பதும் உண்டு. அப்போது கீழ்த்தாடை நரம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கணும். கட்டி பெரிசா இருந்தால் முதலில் துளையிட்டுக் குழாய் வைத்து, மாதக்கணக்கில் சுருங்கவிட்டு, பிறகு எடுப்பார்கள். வளரும் பல் உள்ள சிறுவர்களுக்கு இது நல்ல வழி.

தாடைப் பகுதியையே வெட்டி எடுத்தால் அந்த இடத்தில் திரும்பும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் இங்கேதான் சிக்கல். இந்த நோயாளிக்கு ஓரிடத்தை எவ்வளவு சுத்தமா எடுத்தாலும், இன்னோரிடத்தில் புதுசா முளைக்கலாம். அது அறுவை சிகிச்சையின் தோல்வி இல்லை, மரபணுவின் வேலை. ஒவ்வொரு முறையும் எலும்பை வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் தாடை என்ன மிஞ்சும்? ஆகவே முடிந்தவரை தாடையைக் காப்பாற்றி, ஆண்டுதோறும் ஓ.பி.ஜி. எக்ஸ்ரேயில் கண்காணிப்பதுதான் நியாயமாகப் படுகிறது. தேவையில்லாத சி.டி. ஸ்கேன் வேண்டாம். கதிர்வீச்சு சிகிச்சையையும் முடிந்தவரை தவிர்க்கணும். கதிர் பட்ட இடத்தில் தோல் புற்றுநோய்கள் கூட்டமாக வரும்.

சிறு வயதில் தாடையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் வந்தால், பயாப்சி முடிவில் கெரட்டோசிஸ்ட் என்றிருக்கிறதா என்று பாருங்க. இருந்தால், குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி வந்ததா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்க.