முதல் பெயிண்ட்பால் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தல்

பெயிண்ட்பால் அல்லது வண்ணப்பந்து விளையாட்டு என்பது, சாயம் நிரப்பிய சிறு உருண்டைகளை அழுத்தமூட்டிய வாயுவால் எய்து எதிரணியினரைக் குறியிட்டு வெளியேற்றும் விளையாட்டு ஆகும். இதற்குப் பயன்படும் துப்பாக்கி 'மார்க்கர்', அதாவது குறியிடும் கருவி என்றும் அழைக்கப்படுகிறது. காட்டில் விளையாடத் தொடங்கும் ஒருவர் குறைந்த செலவில் முதல் துப்பாக்கியை வாங்கும்போது, துப்பாக்கியின் விலையை மட்டும் கணக்கில் கொள்வது போதாது. முகக்கவசம், வாயு உருளை, குண்டுகள் ஆகியவற்றுக்கான செலவும் சேர்ந்ததே முழுச் செலவாகும்.

காட்டில் தோன்றிய விளையாட்டு

இவ்விளையாட்டின் முதல் ஆட்டம் 1981 சூன் 27 அன்று அமெரிக்காவின் நியூ ஆம்சயர் மாநிலத்தில், எனிக்கர் என்னும் ஊரை ஒட்டிய காட்டில் நடைபெற்றது. சார்லசு கெயின்சு, ஏய்சு நோயல், பாப் கர்ன்சி ஆகியோர் அதை உருவாக்கினர். பன்னிரண்டு பேர் பங்கேற்றனர். அவர்கள் பயன்படுத்திய 'நெல்-ஸ்பாட் 007' என்ற கருவி விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதன்று. வெட்ட வேண்டிய மரங்களுக்கும் மந்தையில் உள்ள மாடுகளுக்கும் தொலைவிலிருந்து வண்ணக் குறியிடுவதற்காகச் செய்யப்பட்டது.

அந்த ஆட்டத்தில் வென்றவர் ரிச்சி ஒயிட் என்ற வனத்தொழிலாளர். அவர் ஒரு குண்டுகூடச் சுடாமல், மரங்களிடையே மறைந்து நகர்ந்து கொடிகளைச் சேகரித்து வெளியேறினார். காட்டாட்டத்தின் இயல்பு இன்றும் பெரிதாக மாறிவிடவில்லை. மறைவு, பொறுமை, நகரும் திறன் ஆகியவை அங்கே சுடும் வேகத்தைவிட மிகுதியாகப் பயன்படுகின்றன. எனவே விலை குறைந்த எளிய துப்பாக்கி காட்டில் பெரிய குறையாக அமைவதில்லை.

முதற்செலவு முகக்கவசத்துக்கு

திறந்தவெளி ஆடுகளங்களில் குண்டின் வேகம் பொதுவாக நொடிக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீட்டருக்கு மேற்படாமல் கட்டுப்படுத்தப்படுகிறது. பல களங்கள் 280 அடியையே உச்ச வரம்பாக வைத்துள்ளன. இந்த வேகத்தில் வரும் குண்டு உடலில் பட்டால் கன்றிப்போகும்; கண்ணில் பட்டால் பார்வை பறிபோகலாம். ஆகவே முகக்கவசமே முதலில் வாங்க வேண்டிய பொருள்.

அது பெயிண்ட்பாலுக்கென்றே செய்யப்பட்டதாகவும், கண்களுடன் காதுகளையும் வாயையும் மூடுவதாகவும், ஏ.எஸ்.டி.எம். எஃப்1776 தரநிலைக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும். தொழிற்கூடக் கண்ணாடியோ இருசக்கர வண்டித் தலைக்கவசமோ இதற்கு ஈடாகாது.

காட்டில் ஓடி வியர்க்கும்போது ஒற்றைக் கண்ணாடியில் ஆவி படிந்து பார்வை மறையும். ஆட்டக்காரர் களத்திலேயே கவசத்தைத் தூக்கித் துடைக்க முனைவது பெரும்பாலும் அப்போதுதான். பேராபத்தும் அந்த நேரத்தில்தான். இரண்டு அடுக்குகளுக்கிடையே காற்றிடைவெளி கொண்ட 'தெர்மல்' கண்ணாடியில் ஆவி எளிதில் படிவதில்லை. துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது இவ்வகைக் கவசத்தை வாங்குவது நல்லது.

துப்பாக்கியின் வகைகள்

பெரும்பாலான துப்பாக்கிகள் 0.68 அங்குலம், அதாவது ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளைச் சுடுகின்றன. 0.50 அங்குல வகையும் உண்டு. ஆனால் 0.68 வகைக் குண்டுகளே பெரும்பாலான களங்களில் கிடைக்கின்றன.

தொடக்க நிலையினருக்குரிய துப்பாக்கிகளில் பரவலானது 'புளோபேக்' எனப்படும் பின்னுதைப்பு வகை. விசையை இழுத்ததும் ஒரு சம்மட்டி வால்வைத் தட்டித் திறக்கிறது. வெளிவரும் வாயுவின் ஒரு பகுதி குண்டைத் தள்ள, மறுபகுதி சம்மட்டியைப் பின்னுக்குத் தள்ளி அடுத்த சுடுதலுக்கு ஆயத்தமாக்குகிறது. மின்கலம் தேவையில்லை, உறுப்புகளும் குறைவு. டிப்மன் நிறுவனத்தின் '98 கஸ்டம்', 'குரோனசு' ஆகியவை இவ்வகையில் நன்கு அறியப்பட்டவை. 100 முதல் 150 டாலர் என்ற அளவில் விற்கப்பட்டுவரும் இவற்றை வாடகைக்குத் தரும் களங்களும் பல. சேறு, மழை, கீழே விழுதல் ஆகியவற்றைத் தாங்குவதும், உதிரி உறுப்புகள் எளிதில் கிடைப்பதும் இவற்றின் சிறப்பு. எடையும் ஓசையும் வாயுச் செலவும் சற்று மிகுதி என்பது குறை.

'ஸ்பூல் வால்வு' வகை இயந்திரத் துப்பாக்கிகள் அடுத்த படியில் உள்ளன. பிளானட் எக்லிப்ஸ் நிறுவனத்தின் 'எமெக் 100' இதற்கு எடுத்துக்காட்டு. இது குறைந்த அழுத்தத்தில் மென்மையாக இயங்குவதால் மெல்லிய ஓடுள்ள குண்டுகளும் உள்ளே உடைவது குறைவு, ஓசையும் குறைவு. ஆனால் விலை கூடுதல். அழுத்தக்காற்றில் மட்டுமே இயங்கும்.

மின்னணுத் துப்பாக்கிகள் மிக விரைவாகச் சுடுவதற்காக, ஊதிய தடுப்புகள் நிறைந்த போட்டிக் களங்களுக்கு ஏற்றவை. ஒரு குண்டுக்கு ஒருமுறை கையால் இழுத்துச் சுடும் 'பம்ப்' வகையோ குண்டுச் செலவைக் குறைத்து, குறி பார்க்கும் பழக்கத்தை வளர்க்கிறது. ஆனால் பிறரெல்லாம் அரைத்தானியங்கித் துப்பாக்கிகளுடன் வரும் களத்தில் புதியவருக்கு அது கடினமாக இருக்கும்.

கரியமில வாயுவும் அழுத்தக்காற்றும்

கரியமில வாயு உருளையில் நீர்மமாக இருக்கும். அது ஆவியாகித் தரும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்தது. 21 பாகை செல்சியசில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 850 பவுண்டாக உள்ள அழுத்தம், 0 பாகையில் 500 பவுண்டு அளவுக்கு இறங்கிவிடும். எனவே குளிர்காலக் காலையில் குண்டு பாதி வழியில் விழுவதும், வெயிலேறியதும் அதே துப்பாக்கி வேக வரம்பைத் தாண்டுவதும் நேரும். விரைந்து சுடும்போது உருளை குளிர்ந்து அழுத்தம் மேலும் குறையும்.

அழுத்தக்காற்று உருளையில் 3000 அல்லது 4500 பவுண்டு அழுத்தத்தில் காற்று நிரப்பப்படுகிறது. அதன் வாயிலுள்ள சீராக்கி ஒரே அளவான அழுத்தத்தைத் துப்பாக்கிக்குத் தருவதால் வேகம் நிலையாக இருக்கும். 48 கன அங்குலக் கொள்ளளவும் 3000 பவுண்டு அழுத்தமும் கொண்ட அலுமினிய உருளை விலை குறைந்தது, தொடக்கத்துக்குப் போதுமானது. துப்பாக்கி வாங்கும் முன்பே, விளையாடப் போகும் இடத்தில் எந்த வாயு நிரப்பித் தரப்படுகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். அமெரிக்காவில் அழுத்தக்காற்று உருளைகளுக்குப் பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை செய்யப்பட வேண்டும். கெடு கடந்த உருளையைக் களங்கள் நிரப்ப மறுக்கும்.

குழலும் குண்டுக்கலமும்

நீண்ட குழல் குண்டை நெடுந்தொலைவு அனுப்பும் என்பது பரவலான தவறான கருத்து. வேகம் ஒரே வரம்புக்குள் வைக்கப்படுவதால், குழலின் நீளத்தால் தொலைவு கூடுவதில்லை. குறிபார்த்து அடிக்கும் தொலைவு பெரும்பாலும் 30 முதல் 40 மீட்டருக்குள் அடங்கும். மிக நீண்ட குழல் புதரிலும் கிளையிலும் சிக்கும். 12 முதல் 14 அங்குலம் போதுமானது. குழலின் விட்டத்துக்குப் பொருந்தும், ஈரத்தில் ஊதிப்போகாத உருண்டையான குண்டுகளே துல்லியத்தைக் கூட்டுகின்றன.

குண்டுகள் தம் எடையாலேயே விழும் 200 குண்டுக் கலம் மலிவானது. எளிய துப்பாக்கிக்கு அதுவே போதும். மின்கலத்தால் இயங்கும் கலத்தைப் பின்னர் வாங்கிக்கொள்ளலாம்.

தொடர்செலவு

துப்பாக்கி ஒருமுறைச் செலவு. குண்டுகள் ஒவ்வோர் ஆட்டத்துக்குமான செலவு. ஒரு பெட்டியில் பொதுவாக 2000 குண்டுகள் இருக்கும். நொடிக்கு எட்டு குண்டுகள் சுட்டால் 200 குண்டுக் கலம் 25 நொடியில் காலியாகும். பெட்டி முழுவதும் நான்கே நிமிடச் சுடுதலில் தீர்ந்துவிடும். களத்தில் விற்கும் குண்டுகளையே பயன்படுத்த வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு. விரைவாகச் சுடும் துப்பாக்கி, வாங்கிய பின்னும் செலவு வைப்பது இதனால்தான்.

ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை மட்டுமே விளையாடுபவருக்கு, முகக்கவசத்தை மட்டும் சொந்தமாக வாங்கித் துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பதே சிக்கனம். வாடகைத் துப்பாக்கியுடன் சில ஆட்டங்கள் ஆடிய பின் வாங்குபவர், எடையும் பிடியும் தமக்கு ஒத்து வருகின்றனவா என்பதை அறிந்தே வாங்குகிறார்.

பழைய துப்பாக்கி வாங்குவோர் வாயுவைப் பொருத்தி, கசிவு ஓசை வருகிறதா என்று பார்க்க வேண்டும். தேய்ந்த ரப்பர் வளையத்தால் ஏற்படும் கசிவை மிகக் குறைந்த செலவில் சரிசெய்யலாம். உடற்பகுதியில் விரிசல், தேய்ந்த மரை ஆகியவை இருந்தால் தவிர்த்துவிட வேண்டும். எந்தத் துப்பாக்கியாக இருந்தாலும், களத்தில் இறங்கும் முன் வேகமானியில் சுட்டு வேகத்தைச் சரிபார்ப்பதும், ஆட்டம் முடிந்ததும் குழல் உறையை மாட்டுவதும், அனைவரும் மாட்டி முடிக்கும் வரை முகக்கவசத்தைக் கழற்றாதிருப்பதும் கட்டாயமாகும்.