யாருக்குச் சான்றிதழ், யாருக்கு வசை? வடசென்னைப் பள்ளிகளும் கல்வி உளவியலாளர் பணியும்

மூன்றாம் வகுப்பில் படிக்கும் இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொள்வோம். வாய்க்கணக்காகக் கேட்டால் இருவரும் சரியாக விடை சொல்கிறார்கள். எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறுகின்றன. ஒரு குழந்தை தென்சென்னையில் கட்டணப் பள்ளி ஒன்றில் படிக்கிறது. பள்ளி பெற்றோரை அழைத்துப் பேசுகிறது. தனியார் உளவியலாளர் பரிசோதிக்கிறார். 'டிஸ்லெக்சியா' என்று அறிக்கை வருகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழித்தாளிலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளுக்கு வழி பிறக்கிறது. மற்றொரு குழந்தை திருவொற்றியூரில் தூய்மைப் பணியாளர் ஒருவரின் மகள். அவளுக்குக் கிடைப்பது 'மெல்லக் கற்போர்' பட்டியலில் ஓரிடம், கடைசி வரிசையில் ஓர் இருக்கை, 'இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது' என்ற வசை.

இரு குழந்தைகளின் மூளையும் ஒன்றுபோலவே இயங்குகிறது. அவர்களைப் பிரிப்பது, இடையில் நிற்க வேண்டிய ஒரு மனிதர் ஒருத்திக்கு மட்டும் இல்லாமற்போனதுதான். அந்த மனிதரின் பெயர் கல்வி உளவியலாளர்.

அந்தப் பணி என்ன?

இங்கிலாந்தில் கல்வி உளவியலாளர்கள் பெரும்பாலும் உள்ளாட்சி மன்றத்தின் பணியாளர்கள். ஒவ்வொருவருக்கும் குறிப்பிட்ட பள்ளிகள் ஒதுக்கப்படுகின்றன. குழந்தையைச் சோதிப்பது அவர்களது வேலையின் ஒரு பகுதி மட்டுமே. வகுப்பறையில் அமர்ந்து கவனிப்பதும், ஆசிரியரோடும் பெற்றோரோடும் பேசுவதும், பள்ளி எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எழுத்துபூர்வமாகச் சொல்வதும் அதில் அடங்கும். சிறப்புத் தேவையுள்ள குழந்தைக்கான கல்வித் திட்டத்தை வகுக்கும்போது, கல்வி உளவியலாளரின் கருத்தை உள்ளாட்சி மன்றம் கேட்டாக வேண்டும் என்பது அங்கே சட்டம். மூத்த கல்வி உளவியலாளர் இளையவர்களின் பணியை மேற்பார்வையிடுகிறார். சிக்கலான வழக்குகளை ஏற்கிறார். மன்றத்தின் கொள்கையை வகுப்பதில் பங்கேற்கிறார்.

நம் நாட்டின் நிலை வேறு. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வுக் குழுமச் சட்டம் பட்டியலிடும் தொழில்வகைகளில் மருத்துவ உளவியலாளர் உண்டு, மறுவாழ்வு உளவியலாளர் உண்டு. கல்வி உளவியலாளர் என்ற தனிவகை இல்லை. பள்ளிகளுக்கு ஆலோசகர்கள் திட்டங்களின் பெயரால் வரலாம், போகலாம். நிரந்தரமும் அதிகாரமும் உள்ள பணியாக அது வேர்விடவில்லை.

சட்டம் யாரைச் சுட்டுகிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றது. அதன் 16ஆம் பிரிவு, இக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து உரிய கற்பித்தல் முறைகளைக் கையாளும் கடமையைப் பள்ளிகள்மீது வைக்கிறது. 17ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறை பள்ளிக் குழந்தைகளிடையே கணக்கெடுப்பு நடத்தச் சொல்கிறது. இவ்விரு பிரிவுகளும் அரசோடு சேர்த்து உள்ளாட்சி அமைப்புகளையும் பெயர் சொல்லியே பொறுப்பாக்குகின்றன என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஒரு வட்டாரத்தின் பள்ளிகளும் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களும் சென்னை மாநகராட்சி என்ற ஒரே அமைப்பின் கையில் இருக்கின்றன. திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011இல் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டபின், இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான துறைமுக, ஆலைப் பகுதி முழுவதும் அதன் எல்லைக்குள் வந்துவிட்டது. எனவே இக்கேள்வியை நாம் முதலில் மாநகராட்சியின் முன்தான் வைக்க வேண்டும்.

உச்ச நீதிமன்றமும் வழிகாட்டியுள்ளது. தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று 2021இல் அது வரையறுத்தது. 100 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர் பயிலும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றிலும் தகுதிபெற்ற ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவரேனும் இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் கூறியது. சாதிய வன்முறைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், பெரிய மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது.

அளவுகோலும் சாதியும்

உளவியலாளரை நியமித்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடுமா? இல்லை. இந்தத் தொழிலின் பிறப்பே நம்மை எச்சரிக்கிறது. 1913இல் லண்டன் மாவட்ட மன்றம் சிரில் பர்ட் என்பவரை உளவியலாளராக நியமித்தது. உள்ளாட்சியில் இப்பணியை ஏற்ற முதல் மனிதர் அவரே. அறிவு பெரும்பாலும் பிறப்பால் வருவது என்பது அவரது உறுதியான கருத்து. அதற்குச் சான்றாக அவர் காட்டிய இரட்டையர் ஆய்வுத் தரவுகள் நம்பத்தக்கவை அல்ல என்பது அவர் மறைவுக்குப் பின் அம்பலமானது. பிறப்பால் அறிவு என்ற வாதத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. சாதியம் அதைத்தான் காலங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது.

1971இல் கிரெனடாவைச் சேர்ந்த ஆசிரியர் பெர்னார்ட் கோர்ட், கரீபியக் குடியேறிகளின் குழந்தைகள் 'கல்வித்திறன் குறைந்தோர்' பள்ளிகளுக்கு அளவுக்கு மீறி அனுப்பப்படுவதை அம்பலப்படுத்தினார். அவர்களது மொழியும் பண்பாடும் தெரியாத சோதனைகள் அவர்களை மந்தமானவர்கள் என்று முத்திரை குத்தின.

இந்த ஆபத்து இங்கும் உண்டு. கற்றல் குறைபாட்டை மதிப்பிட 2018 ஜனவரியில் ஒன்றிய அரசு வெளியிட்ட வழிமுறை, முதலில் நுண்ணறிவு ஈவைச் சோதிக்கச் சொன்னது. 85க்கு மேல் இருந்தால் மட்டுமே அடுத்த கட்டச் சோதனை. அதற்குப் பரிந்துரைக்கப்பட்ட கருவிகளில் ஒன்றான மாலின் அளவுகோல், அரை நூற்றாண்டுக்கு முன் நாக்பூரில் அமெரிக்கச் சோதனையொன்றைத் தழுவி உருவானது. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் அருந்ததியர் குழந்தை அந்தச் சோதனையில் இரண்டு மதிப்பெண் குறைந்தால், அவள் கற்றல் குறைபாடு உள்ளவள் என்ற கணக்கிலிருந்தே வெளியேறுகிறாள். சான்றிதழ் கைநழுவுகிறது, வசை நிலைத்துவிடுகிறது.

குழந்தையின் தலைக்கு வெளியே

வடசென்னையில் இப்பணியை ஏற்பவர் குழந்தையைச் சோதிக்கும் முன் அவள் வாழும் இடத்தைப் பார்க்க வேண்டும். நிலக்கரிச் சாம்பலும் ஆலைப் புகையும் சூழ்ந்த எண்ணூரில், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு பரவியது. அதே மாத இறுதியில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். ஈயம் போன்ற நச்சு உலோகங்கள் குழந்தைகளின் கவனத்தையும் கற்றலையும் குலைக்கும் என்பது உலகறிந்த அறிவியல். மூச்சுத் திணறலால் தூங்காத குழந்தை, இரத்தசோகை உள்ள குழந்தை, கல்வியாண்டின் நடுவில் குடியிருப்பு இடிக்கப்பட்டு நகருக்கு வெளியே வீசப்பட்ட குழந்தை ஆகியோரின் சோர்வைத் தனிமனிதக் குறைபாடு என்று எழுதுவது, ஆலையின் குற்றத்தையும் அரசின் குற்றத்தையும் குழந்தையின் தலையில் சுமத்துவதாகும்.

ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவானவை. மண்டலந்தோறும் கல்வி உளவியலாளர்களையும், அவர்களை வழிநடத்த மாநகராட்சித் தலைமையில் மூத்த கல்வி உளவியலாளரையும் நிரந்தரப் பணியில், இடஒதுக்கீட்டு விதிகளின்படி நியமிக்க வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து பெற்றோர் மருத்துவமனைக்கு அலையாதபடி, மதிப்பீடு பள்ளியிலேயே, குழந்தையின் தாய்மொழியில் நடக்க வேண்டும். அறிக்கை பெற்றோருக்கு விளங்கும் தமிழில் அவர்கள் கையில் தரப்பட வேண்டும். எந்தச் சமூகப் பிரிவினர் எத்தனை பேர் மதிப்பிடப்பட்டனர், அவர்களுக்கு என்ன உதவி கிடைத்தது என்ற விவரத்தைப் பெயர்களை மறைத்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு இல்லையேல் முத்திரை யார்மீது விழுகிறது என்பதை நாம் ஒருபோதும் அறிய முடியாது.

1920இல் பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு தர முடிவெடுத்தது. ஏழைக் குழந்தை வகுப்பில் மயங்குவதற்குச் சோம்பல் காரணமல்ல, பசியே காரணம் என்பதை அம்முடிவு ஏற்றுக்கொண்டது. எழுத்து ஏறாத குழந்தையிடமும் அதே நேர்மையுடன் காரணத்தைத் தேட வேண்டிய கடமை அந்த மாநகராட்சிக்கு இன்று இருக்கிறது.