மின்னணு இசைக்கருவிகள்: நாளைய சரக்கு எது?

கீபோர்டும் எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டியும் விற்கும் நமக்கு ஒரு கவலை உண்டு. புது மாடல் வந்தால் இருப்பில் உள்ள சரக்கு என்னாகும்?

1983-இல் 'மிடி' என்ற பொதுமுறை வந்தது. இது ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எவ்வளவு விசையில், எப்போது அழுத்தப்பட்டது என்பன போன்ற குறிப்புகளை மட்டுமே அனுப்பும். அதனால்தான் ஒரு கம்பெனியின் கீபோர்டு இன்னொரு கம்பெனியின் கருவியோடும், கணினியோடும் இணைகிறது.

2020-இல் மிடி 2.0 வெளியானது. பழைய முறையில் விசைக்கு 128 படிகள், புதியதில் 65,536. ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரங்களில் ஒவ்வொன்றையும் தனித்தனியே வளைக்கலாம். கமகத்துக்கு இது நல்ல வசதி. பழைய மிடி கருவிகளோடும் ஒத்துப்போகும்படியே இதை வகுத்திருப்பதால், நம் இருப்பு ஒரே நாளில் செல்லாக்காசாகிவிடாது.

போட்டி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. சுருதியும் தாளமும் இன்று செல்போன் செயலியிலேயே கிடைக்கின்றன. ஆகவே, சுருதிப் பெட்டிகளை அளவாகக் கொள்முதல் செய்வோம். விரல் பழகத் தேவையான கட்டைக் கருவிகளையும், அடாப்டர், உதிரிபாகங்களையும், பழுதுபார்க்கும் வசதியையும் பெருக்குவோம். செல்போன் தர முடியாததைத் தருகிற கடைக்கே வாடிக்கையாளர் வருவார்.