அண்டை வெட்டு
சொல்லும் மண்ணும் – 14

சென்ற வாரம் வாய்க்காலில் நின்றோம். இந்த வாரம் வரப்பில் ஏறுவோம்.

‘வரம்பு மீறிப் பேசுகிறான்’ என்று கோபப்படும்போது யாருக்கும் வயல் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் வரம்பும் வரப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பழைய தமிழில் வரம்பு என்றால் வயலில் நீரைத் தேக்கி நிறுத்தும் மண்கரையும்தான். காகிதத்தில் போடும் கோட்டுக்கு அகலம் கிடையாது. வரப்புக்கு உண்டு. ஒரு ஆள் நடக்கலாம், இரண்டு வரிசை உளுந்து ஊன்றலாம், ஆட்டுக்குப் புல் அறுக்கலாம். அது யாருக்குச் சொந்தம் என்று கேட்டால்தான் சிக்கல்.

சாகுபடி தொடங்கும்போது வரப்பின் பக்கவாட்டை மண்வெட்டியால் செதுக்கி, சேற்றை வாரி அணைத்துப் பூசுவார்கள். புல் போகும், நண்டு வளையும் எலி வளையும் அடைபடும், தண்ணீர் கசியாது. இதற்கு அண்டை வெட்டுவது, அண்டை அணைப்பது என்று பெயர். வரப்பின் விலாவும் அண்டை. அதற்கு அப்பால் இருப்பவனும் அண்டை. மண்வெட்டி எந்த அண்டையைச் செதுக்குகிறது என்பது பிடித்திருப்பவரின் மனசைப் பொறுத்தது. வருஷத்துக்கு ஒரு விரற்கடை செதுக்கினால் போதும், பத்து வருஷத்தில் நேரான வரப்பு வயிறு ஒட்டிப்போய் வளைந்து நிற்கும். பிறகு பஞ்சாயத்து, அதற்கும் பிறகு கோர்ட்டு.

யாழ்ப்பாணத்து வளவுகளில் இதே வேலையைக் கதியால் செய்யும். பூவரசோ கிளுவையோ வெட்டிக் கதியாலாக ஊன்றி வேலி அடைப்பார்கள். பழைய கதியால் பட்டுப்போன இடத்தில் புதியதை ஒரு சாண் தள்ளி ஊன்றினால், அது வேர் பிடித்துச் சாட்சியாகவும் வளர்ந்துவிடும்! வேலிச் சண்டையில் பேச்சு முறிந்த உறவுகளுக்கு அங்கே கணக்கில்லை. தஞ்சைப் பக்கத்திலோ வேலி என்ற சொல் அடைப்பு என்பதோடு நிற்காமல் நிலத்தின் அளவாகவே ஆகிவிட்டது. இருபது மா ஒரு வேலி. ஆறரை ஏக்கருக்குச் சற்று மேல். சுற்றி நின்ற சொல்லே உள்ளே இருப்பதை விழுங்கிவிட்டது.

சோழர் காலத்தில் எல்லை காட்டும் பொறுப்பு யானைக்கு. நிலதானம் கொடுத்தால், அதிகாரிகளும் ஊராரும் கூடவர ஒரு பெண் யானையை எல்லை நெடுகச் சுற்றி நடத்துவார்கள். அது நடந்த தடத்தில் கல்லும் கள்ளியும் நடுவார்கள். கல் அசையாது, கள்ளியை மாடு தின்னாது. நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளியான சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் அளித்த ஊருக்கும் இப்படித்தான் எல்லை வகுத்தார்கள் என்கிறது லெய்டன் செப்பேடு எனப்படும் சோழர் சாசனம். அந்த ஊரின் பெயர் ஆனைமங்கலம் என்பது தற்செயல்தான், இருந்தாலும் ரசிக்கலாம்.

கற்களிலும் வகை உண்டு. சிவன் கோயில் நிலத்துக்குச் சூலக்கல், பெருமாள் நிலத்துக்குத் திருவாழிக்கல், சமணப் பள்ளி நிலத்துக்கு முக்குடைக்கல். எழுதப் படிக்கத் தெரியாத உழவனும் தன் ஏர் யாருடைய மண்ணில் நிற்கிறது என்று ஒரு பார்வையில் கண்டுகொள்வான். இப்போது நில அளவையர் நடும் கல்லில் அந்த முகம் இல்லை.

பத்திரம் எழுதுகிறவர்கள் மட்டும் பழைய வழக்கை விடவில்லை. புல எண், உட்பிரிவு, கிழமேல் இத்தனை அடி, தென்வடல் இத்தனை அடி என்று எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் நான்கெல்லை சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். வாய்க்காலுக்கு வடக்கு, வண்டிப்பாதைக்குத் தெற்கு, இன்னார் நஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு மேற்கு. ஒருவருடைய நிலம் எது என்று சொல்ல அண்டைக்காரர்கள் பெயர் வேண்டியிருக்கிறது. அந்த நிலங்கள் கைமாறியிருக்கும், வாய்க்கால் தூர்ந்து மனைகளாகியிருக்கும். மூலப்பத்திரத்தைப் பார்த்து அப்படியே அடுத்த பத்திரத்திலும் எழுதிவிடுவதால், இறந்து ஐம்பது வருஷமான மனிதர் இன்றும் யாரோ ஒருவருக்கு மேற்கெல்லையாக நின்றுகொண்டிருப்பார். அவரோடு இனி வரப்புத் தகராறு வராது.

(அடுத்த வாரம்: புறம்போக்கு)