டன் கணக்கு மறைப்பதை மீனின் நீளம் காட்டும்

கேரளத்தில் 2012-ல் பிடிபட்ட மத்தி ஏறத்தாழ 3.9 லட்சம் டன். 2021-ல் அது சுமார் 3,300 டன்னாகச் சரிந்தது. நம் ஊர்களில் சாளை என்று வாங்குகிற அதே மீன்தான். இந்தக் கணக்கை யார் எடுக்கிறார்கள், எப்படி எடுக்கிறார்கள்?

கடலுக்குள் நீந்தும் மீனை யாராலும் எண்ண முடியாது. கரையில் இறங்கும் மீனைத்தான் எண்ணலாம். 1947-ல் தொடங்கி, இன்று கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்களில் தினமும் ஆள் நிறுத்த வழியில்லை. அதனால் எந்த ஊர், எந்த நாள் என்பதைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கிறார்கள். களப்பணியாளர் முதல் நாள் நண்பகலிலிருந்து மாலை ஆறு வரை துறையில் நிற்பார்; மறுநாள் காலை ஆறிலிருந்து நண்பகல் வரை மீண்டும் நிற்பார். இடையில் இரவில் என்ன இறங்கியது என்பதைக் கேட்டுத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். ஏலம் முடிந்தால் கூடைகள் நொடியில் ஐஸ் பெட்டிக்குள் போய்விடும். அதற்குள் என்ன வலை, எத்தனை மணி நேரம் வலை போட்டார்கள், எந்த மீன் எத்தனை கிலோ என்று படகு படகாகக் குறித்தாக வேண்டும்.

நேரத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. போன மாதம் பத்து மணி நேரத்தில் கிடைத்த மீனுக்கு இந்த மாதம் இருபது மணி நேரம் உழைத்திருந்தால், ஏலத்தில் எடை குறைந்திருக்காது. ஆனால் கடலில் மீன் குறைந்திருக்கலாம்.

அடுத்த கட்டம் ஆய்வகத்தில். அளவுப் பலகையில் மீனைக் கிடத்தி, வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்கிறார்கள். வயிற்றைக் கீறி ஆணா பெண்ணா, சினை எந்த நிலையில் இருக்கிறது, என்ன தின்றிருக்கிறது என்று பார்க்கிறார்கள். தலைக்குள் அரிசிக் குருணை போன்ற காதுக்கல் இருக்கும். அதைத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் வளர்ச்சி வளையங்கள் தெரியும். குளிர்நாட்டு மீன்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழும். நம் வெப்பக் கடலில் அது அவ்வளவு தெளிவாக இருப்பதில்லை. அதனால் நாள்தோறும் விழும் மெல்லிய வளையங்களையும், மாதந்தோறும் அளந்த நீளங்கள் நகரும் விதத்தையும் வைத்து வயதைக் கணிக்கிறார்கள்.

செய்திகளில் டன் கணக்குதான் தலைப்பாகிறது. நீளத்துக்கு அந்த இடம் கிடைப்பதில்லை என்பது எனக்கு வருத்தமே. மத்தி ஏறக்குறைய 15 சென்டிமீட்டரில்தான் சினை கொள்ளும் பருவத்தை எட்டுகிறது. கேரளம் விதித்த குறைந்தபட்சப் பிடி அளவோ 10 சென்டிமீட்டர். அதாவது ஒருமுறைகூட முட்டையிடாத மீனைச் சட்டப்படியே பிடிக்கலாம். 2024-ல் கேரளக் கரையில் மத்தி மறுபடி பெருகியது; கூடைகள் நிறைந்தன. ஆனால் மீன்கள் வளர்ச்சி குன்றிச் சிறுத்திருந்தன, விலையும் விழுந்தது. எடையை மட்டும் பார்த்தவருக்கு அது நல்ல ஆண்டாகவே தெரிந்திருக்கும்.

மத்தியின் இந்த ஏற்ற இறக்கத்துக்குப் பிடிப்பு மட்டுமே காரணமும் அல்ல. மத்தி மிதவை உயிர்களைத் தின்று வாழ்வது. மழையும் அடிநீர் மேலெழுவதும் மாறினால் அதன் இரையும் மாறும். எனவே செயற்கைக்கோள்கள் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தையும் அளக்கின்றன. ஆர்கோ எனப்படும் தானியங்கி மிதவைக் கருவிகள் 2,000 மீட்டர் ஆழம் வரை இறங்கி, பத்து நாளுக்கொரு முறை மேலே வந்து வெப்பத்தையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன.

இத்தனை கருவிகள் இருந்தும், இரவுப் பிடிப்பின் கணக்கு துறையில் கேட்ட கேள்விக்குக் கிடைக்கும் பதிலில்தான் நிற்கிறது. உண்மையைச் சொன்னால் கட்டுப்பாடு கூடிவிடுமோ என்று மீனவர் தயங்கினால் அந்தக் கணக்கே ஆட்டம் காணும். ஆகவே ஆண்டு அறிக்கை வெளியாவதற்கு முன்பே, அந்தந்தத் துறையின் எடையையும் நீளத்தையும் அங்கே படகு நிறுத்தும் மீனவர்களிடம் நேரில் விளக்க வேண்டும். கணக்குக்குப் பதில் சொன்னவர்களுக்கு அதைக் கேட்கும் முதல் உரிமை உண்டு.