நிலமும் தொழிலும் – 11: கிரஷருக்கு நிலம் தேடுகிறவர்

செங்கல்பட்டுக்கும் உத்திரமேரூருக்கும் நடுவில் இருக்கிறது சாலவாக்கம். மதூர், சிறுதாமூர் என்று சுற்றிலும் கல்குவாரிகள், கிரஷர்கள். சென்னைப் பக்கத்து அடுக்குமாடிகளுக்குப் போகும் ஜல்லியிலும் எம்-சாண்டிலும் ஒரு பங்கு இங்கிருந்துதான் லாரி ஏறுகிறது. லாரி போகிற சாலைக்கு இரண்டு பக்கமும் ஏரிப் பாசன நிலம். இந்த நிலத்தைக் கேட்டுத் தொழில்காரர்கள் வருவது நிற்கவில்லை.

அப்படி வருகிறவர் முதலில் பார்ப்பது புரோக்கரை. பிறகு பத்திர எழுத்தரை. வக்கீலைத் தேடிப் போவது பெரும்பாலும் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த பிறகுதான். கேட்டால், “பத்திரம் பதிவாகிவிட்டது, வில்லங்கமும் சுத்தம், வக்கீலுக்கு என்ன வேலை?” என்பார்கள்.

வேலை இருக்கிறது. ஒரு கோடிக்கு நிலம் வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று ஒன்பது லட்சத்தை அரசிடம் கட்டுகிறோம். அந்தப் பணத்துக்கு அரசு தருவது, இப்படி ஒரு பத்திரம் எழுதப்பட்டது என்பதற்கான பதிவு. விற்றவருக்கு அந்த நிலம் சொந்தமா என்பதற்கு அரசு எந்த உத்தரவாதமும் தருவதில்லை. விற்பவரின் உரிமையைத் துருவிப் பார்ப்பது சார்பதிவாளரின் அதிகாரம் அல்ல என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றிலேயே சொன்னது. மூலப்பத்திரத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கலாம் என்றிருந்த நம் மாநிலப் பதிவு விதி 55-ஏ(1) அந்தத் தீர்ப்பில் அடிபட்டுப் போனது. விற்பவரின் உரிமைக்குப் பதிவு அலுவலகம் பொறுப்பேற்காது என்றால் கேட்க வேண்டியவர் வாங்குகிறவர். அவருக்காகக் கேட்பதுதான் சொத்து வக்கீலின் தொழில்.

கேள்விகள் ஊருக்கு ஊர் மாறும். பழைய செங்கல்பட்டு ஜில்லாவுக்கென்றே ஒரு கேள்வி உண்டு: இது பஞ்சமி நிலமா?

1891-ல் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரெமென்ஹீர், இந்த ஜில்லாவின் பறையர் மக்கள் நிலமில்லாமல் படுகிற பாட்டை அறிக்கையாக எழுதினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் அரசாணை 1010 வந்தது. மாகாணம் முழுக்க ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. இதுதான் பஞ்சமி நிலம். முதல் பத்தாண்டு யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் அதே மக்களுக்குள்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. நிபந்தனை இன்றும் உயிரோடு இருக்கிறது, நிலம்தான் கை மாறிவிட்டது. 1994 அக்டோபர் 10-ல் காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள்.

தொழில்காரர் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்த நிபந்தனை வில்லங்கச் சான்றில் வராது என்பதை. பத்திரப் பதிவில் நடந்ததைத்தான் வில்லங்கச் சான்று காட்டும். அரசு ஒப்படை செய்தபோது போட்ட நிபந்தனை வருவாய்த் துறைக் கணக்கில் இருக்கும். ‘அ’ பதிவேட்டின் குறிப்புக் கலத்தைப் பார்க்க வேண்டும், அதிலும் பழைய பதிவேட்டை. தாலுகா ஆபீசில் போய் நின்று, நகல் மனு போட்டு, திரும்பத் திரும்ப நடந்துதான் இதை வாங்க முடியும். ஐந்து பேர் கை மாறி, ஐந்து பத்திரமும் ஒழுங்காகப் பதிவாகி, ஆறாவதாக வாங்குகிறவர் கிரஷர் போட்ட பிறகு ஒப்படை ரத்தானால் போட்ட முதல் போனதுதான். சட்டப்படி அது சரியும்கூட. இந்த இடத்தில் என் அனுதாபம் ஆறாவது ஆளிடம் இல்லை, நிலத்தை இழந்த முதல் குடும்பத்திடம்தான். ஆனால் விலை பேசும் முன்பே இதை ஒரு வக்கீல் பார்த்துச் சொல்லியிருந்தால் ஆறாவது ஆளும் பிழைத்திருப்பார்.

மற்றக் கேள்விகள் தமிழ்நாடு முழுக்கப் பொது. 1979-ல் தொடங்கிய யூ.டி.ஆர் (நில உடைமைப் பதிவு மேம்பாட்டு) கணக்கெடுப்பில் பட்டா யார் பெயரிலாவது தவறி விழுந்திருக்கிறதா? கோயில் நிலமா? அப்படியென்றால் அறநிலையத் துறைச் சட்டம் 34-வது பிரிவின்படி, ஆணையர் அனுமதி இல்லாமல் விற்கவும் முடியாது, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவும் முடியாது. குடும்பத்துப் பெண்கள் கையெழுத்துப் போட்டார்களா? தமிழ்நாட்டில் 1989 முதலே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு உண்டு. 2005 திருத்தமும் 2020 ஆகஸ்ட் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை இன்னும் விரித்துவிட்டன. “அக்காவுக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு” என்று தம்பி சொன்னால், அக்காவின் விடுதலைப் பத்திரம் எங்கே என்று வக்கீல் கேட்பார். பாதி பேரங்கள் இந்த இடத்தில் முறிகின்றன. முறியட்டும்.

வாங்குவது கம்பெனியாக இருந்தால் உச்சவரம்பும் உண்டு. 1961 நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் வரம்பு 1970-ல் 15 தர ஏக்கராகக் குறைந்தது. அதற்கு மேல் தொழிலுக்கு வேண்டுமென்றால் 37-ஏ பிரிவின் கீழ் அரசின் அனுமதி வேண்டும். துண்டு துண்டாகச் சேர்க்கும்போது பத்திரம் ஒவ்வொன்றும் சிறியதாகத் தெரியும், கூட்டிப் பார்த்தால்தான் வரம்பு தாண்டியது புரியும்.

“பேங்க் வக்கீல் லீகல் ஒப்பீனியன் கொடுத்துட்டார்” என்கிற ஆறுதலையும் கொஞ்சம் தட்டிப் பார்க்கலாம். அவர் பேங்கின் பேனல் வக்கீல். பேங்குக்குக் கடன் திரும்பி வந்தால் போதும். உங்கள் மற்ற சொத்தையும் அது அடமானம் வாங்கியிருக்கும். உங்களுக்கு வேண்டியதோ இந்த நிலம். இன்னொன்று: கருத்து தவறாகப் போனது என்பதற்காக மட்டும் வக்கீல் மீது கிரிமினல் வழக்கு நிற்காது, மோசடியில் அவருக்குப் பங்கிருந்தது என்று காட்ட வேண்டும் என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பேங்க் கடன் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்த ஜெராக்ஸைப் பார்த்து எழுதிய இரண்டு பக்கத்துக்கு அந்த அளவு மதிப்புதான்.

கிரஷர்காரர்களில் பலர் வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த இடம். பத்து வருடக் குத்தகை என்று முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு பேர் சாட்சி போட்டு, பீரோவில் வைத்துக்கொள்வார்கள். பதிவுச் செலவு மிச்சம்! ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்த பத்திரத்தால் மட்டுமே செல்லும் என்பது 1882-ன் சொத்து மாற்றுச் சட்டம், 107-வது பிரிவு. பதிவாகாத தாளில் இருக்கிற பத்து வருடத்தைக் கோர்ட் ஏற்காது. அதே சட்டத்தின் 106-வது பிரிவு, உற்பத்தித் தொழிலுக்கான குத்தகையை முடிக்க ஆறு மாத நோட்டீஸ் கேட்கிறது. ‘கிரஷர் உற்பத்திதானே, ஆறு மாதமாவது கிடைக்குமே’ என்று நினைக்கலாம். 2001-லேயே உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது: பதிவில்லாவிட்டால் அது மாத வாடகைதான், பதினைந்து நாள் நோட்டீஸ் போதும். கோடிக்கணக்கில் இயந்திரம் இறக்கியவர், பக்கத்துக் கிரஷர்காரர் கூடுதலாகத் தருகிறேன் என்று நிலக்காரரிடம் சொன்ன மறு மாதம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

வக்கீல் எழுதுகிற குத்தகைப் பத்திரம் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. அஸ்திவாரம் போட்டு நிறுத்திய இயந்திரத்தை யார் எடுத்துப்போவது, நிலக்காரர் இறந்தால் வாரிசுகள் கட்டுப்படுவார்களா, நடுவில் புது வரி வந்தால் யார் தலையில் விழும் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். புது வரி வெறும் கற்பனை இல்லை. கனிம நிலங்களுக்கு மாநிலம் வரி போடலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்னது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டில் அந்த வரி வந்தே விட்டது. பழைய குவாரிக் குத்தகைகளில் அதை யார் கட்டுவது என்று ஒரு வாசகம் இல்லாவிட்டால் இரண்டு தரப்பும் அவரவர் வசதிக்குத்தான் அர்த்தம் சொல்வார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் தகராறு வந்தால்? எந்தக் கோர்ட் என்பதே முதல் சண்டை. 2015-ன் வணிக நீதிமன்றச் சட்டம், தொழிலுக்கு மட்டுமே பயன்படும் அசையாச் சொத்து குறித்த ஒப்பந்த வழக்குகளைத் தனியாக, வேகமாக நடத்தச் சொல்கிறது. மூன்று லட்சம் ரூபாய் மதிப்பிருந்தால் போதும். எதிர்வாதியின் பதிலுரைக்கு 120 நாள்தான் உச்சவரம்பு, அதைத் தாண்டினால் பதில் சொல்லும் உரிமையே போய்விடும். ஆனால் ‘பயன்படும்’ என்றால் இப்போது உண்மையாகவே பயன்பாட்டில் இருக்க வேண்டும், இனிமேல் பயன்படுத்தப் போகிறேன் என்பது போதாது என்று 2019-ல் அம்பாலால் சாராபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஓடுகிற கிரஷர் வணிக நீதிமன்றம் போகலாம். குடோன் கட்டலாம் என்று அட்வான்ஸ் கொடுத்த வெறும் வயல் சாதாரண சிவில் கோர்ட்டுக்குத்தான் போகும்.

அந்த அட்வான்ஸ் ஒப்பந்தமும் 2012 டிசம்பரிலிருந்து இங்கே பதிவு செய்யப்பட வேண்டும். பதியாமல் விட்டவர்களுக்கு 2023 ஏப்ரலில் ஒரு தமிழ்நாட்டு வழக்கில் சின்ன வழி பிறந்தது. கிரயம் செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்கும் வழக்கில் பதியாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாகக் காட்டலாம். அப்போதும் மீதிப் பணத்தோடு தயாராக இருந்தேன் என்று வாங்குகிறவர் நிரூபித்தாக வேண்டும். பேங்க் கணக்கு காலியாக இருந்த மாதங்களை எதிர்த்தரப்பு வக்கீல் தவறாமல் தேடி எடுப்பார்.

இந்த வட்டாரத்தில் கடைசியில் வந்து நிற்கும் தகராறு பெரும்பாலும் வழிதான். மாட்டுவண்டி போன பாதையில் டிப்பர் லாரி போகலாமா? 1882-ன் வசதியுரிமைச் சட்டம் இருபது ஆண்டு தடையில்லாமல் நடந்த வழியைக் காப்பாற்றுகிறது. ஆனால் ஒரு வகை வழியுரிமை வேறு வகைக்குச் செல்லாது என்கிறது 28-வது பிரிவு. தன் நிலத்தை மாற்றி அமைத்துப் பக்கத்து நிலத்தின் மீது சுமையைக் கூட்டவும் முடியாது என்கிறது 29-வது பிரிவு. ஏர் ஓட்டப் போன பாதை இருபது டன் ஜல்லிக்கு உரிமை தராது. அவசர நிவாரணம் கேட்காத வணிக வழக்கு என்றால், தாக்கல் செய்யும் முன்பே சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாகச் சமரசம் முயன்றாக வேண்டும். இது கட்டாயம் என்று 2022 ஆகஸ்டில் உறுதியாகிவிட்டது. வழித் தகராறும் சமரசப் பேச்சுக்கு வந்தால், தொழில் தெரிந்த வக்கீல் அந்த அறையில் சட்டம் பேசுவதைக் குறைத்துக்கொண்டு, பாதையோரத்தில் பக்கத்து விவசாயி விற்கத் தயாராக இருக்கிற ஐந்தாறு சென்ட்டுக்கு விலை கேட்பார். சம்மதித்தால் சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து, உட்பிரிவு செய்து, வரைபடத்தைப் பத்திரத்தோடு இணைத்து, அந்த நிலத்தில் பங்குள்ள அக்கா தங்கைகளின் கையெழுத்தையும் சேர்த்து வாங்கிப் பதிவார்.